டின் ஊ என்று மூன்று பேர்: பர்மிய, கம்போடியப் பெயர்களில் ஆள் மாறாமல் எழுதுவது எப்படி

2024 ஜூன் முதல் தேதி பர்மாவில் டின் ஊ இறந்துபோனார், 97 வயது. அன்று ராத்திரியே அவரைப் பற்றி நாலு பத்தி எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், ரங்கூனில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரிடமிருந்து ஒரே ஒரு வரி: "தம்பி, எந்த டின் ஊ?"

அப்போதுதான் உறைத்தது. நான் எழுதிய நாலு பத்தியில் இரண்டு பத்தி வேறு ஒருவருடைய வாழ்க்கை.

இறந்துபோனவர் ஒரு காலத்தில் பர்மிய ராணுவத்தின் தலைமைத் தளபதி. 1976-ல் பதவி பறிபோய், சிறைக்கும் போய், 1980-ல் வெளியே வந்து, 1988-ல் ஆங் சான் சூச்சியோடு சேர்ந்து தேசிய ஜனநாயக லீக்கைத் தொடங்கியவர். இரண்டாவது டின் ஊ ராணுவ உளவுத்துறைத் தலைவர். அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த ராணுவத் தலைவர் நே வின்னுக்குப் பிறகு இவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது 1983-ல் தூக்கியெறியப்பட்டு ஆயுள் தண்டனை வாங்கியவர். மூன்றாமவர் ராணுவ ஆட்சிக்குழுவின் இரண்டாம் செயலாளர், 2001 பிப்ரவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மூவரும் ராணுவ அதிகாரிகள், மூவரும் அதிகாரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், இரண்டு பேர் சிறைக்கும் போனவர்கள். நான் இரண்டாமவரின் உளவுத்துறையையும் ஆயுள் தண்டனையையும் எடுத்து முதலாமவர் தலையில் கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு பர்மியப் பெயரையோ கம்போடியப் பெயரையோ பார்த்தால் கை கொஞ்சம் தயங்கும். தயங்கித் தயங்கி நான் கண்டுபிடித்த வழிமுறைதான் இது. செய்தி மொழிபெயர்ப்பவர்கள், கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுபவர்கள், வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை, ஆள் எந்த நாடு என்று உறுதி செய்வது. இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் இரண்டு நாட்டுப் பெயர்களும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி ஓரசைத் துண்டுகளாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஏற்பாடு நேர் எதிர். கம்போடியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். பர்மாவில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. முழுப்பெயரும் அந்த ஆளுக்கே சொந்தம், அப்பாவிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்த தமிழர்களுக்கு இது உடனே புரியும். நமக்காவது அப்பா பெயரின் முதலெழுத்து கைகொடுக்கும், அவர்களுக்கு அதுவும் இல்லை.

கின் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாட்டிலும் இருக்கிறது. பர்மாவில் கின் நியுண்ட் என்று ஒருவர் 2003-லிருந்து 2004 வரை பிரதமர், அதற்கு முன் பல வருஷம் உளவுத்துறைத் தலைவர். கின் சீ என்பவர் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் மனைவி, சூச்சியின் அம்மா, 1960-ல் இந்தியாவுக்குத் தூதராக வந்தவர். கின் மே தான் என்பவர் நே வின்னின் மனைவி. மூவருக்கும் இடையில் எந்த உறவும் இல்லை. கின் என்றால் பிரியம், நேசம் மாதிரி ஒரு பொருள், ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். இனி கம்போடியாவுக்கு வாருங்கள். அங்கே கின் சோக் என்று ஒரு வரலாற்று அறிஞர், கம்போடிய அரச வரலாற்றேடுகளை ஆராய்ந்து பிரெஞ்சில் எழுதியவர். இவருடைய கின் குடும்பப் பெயர். இவர் பெயரை அகரவரிசையில் 'கின்' என்ற இடத்தில் போடலாம், 'சோக்' என்று சொந்தப் பெயரைச் சொல்லியும் குறிப்பிடலாம். கின் நியுண்ட்டை 'நியுண்ட்' என்று எழுதினால் அது தப்பு. 'கின்' என்று மட்டும் எழுதினால் இன்னும் பெரிய தப்பு, பாதிப் பர்மா திரும்பிப் பார்க்கும்.

சோக் என்றால் என்ன தெரியுமா, நம்ம சுகம்தான். சம்ஸ்கிருத சுகம் கம்போடிய மொழியான கெமரில் சோக் ஆகிவிட்டது. நல்ல பொருள், ஆகவே எங்கும் இருக்கும். நீண்ட காலம் துணைப் பிரதமராக இருந்து 2017-ல் இறந்த சோக் ஆன் பெயரில் அது முன்னால் நிற்கிறது, ஆகவே குடும்பப் பெயர். கின் சோக் பெயரில் பின்னால், ஆகவே சொந்தப் பெயர். கெமர்ப் பெயர் என்று தெரிந்துவிட்டால் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, பர்மாக்காரர்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்து என்ன? பெயரை வெட்டாதீர்கள், அவ்வளவுதான். இரண்டு துண்டோ நாலு துண்டோ, முழுசாக எழுதுங்கள், இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் முழுசாகவே எழுதுங்கள். ஆங்கிலச் செய்தியில் கடைசித் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு 'சீ கூறினார்' என்று வருவதைப் பார்த்து நாமும் அப்படியே போடுவது அபத்தம். ஆங் சான் சூச்சியின் பெயர் எப்படி வந்தது என்று பாருங்கள்: ஆங் சான் அப்பா பெயர், சூ அப்பாவைப் பெற்ற பாட்டி பெயர், சீ அம்மா கின் சீயின் பெயரில் பாதி. மூன்று பேரிடமிருந்து எடுத்துக் கோத்த பெயர், இதில் எந்தத் துண்டும் குடும்பப் பெயர் இல்லை. அங்கே மக்கள் மரியாதையாகச் சொல்லும்போது டோ சூ என்பார்கள். (தமிழில் சூகி, சூ கீ, சூச்சி என்று மூன்று விதமாக எழுதுகிறோம், பர்மிய உச்சரிப்புக்குக் கிட்ட நிற்பது சூச்சி. எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கட்டுரையில் மூன்றையும் போட்டால் வாசிப்பவர் மூன்று பேர் என்று நினைப்பார்.)

அப்புறம் அந்தப் பெயருக்கு முன்னால் ஊரார் என்ன ஒட்டு போடுகிறார்கள் என்று தேடுங்கள். என் அனுபவத்தில் இதைவிட உபயோகமான வேலை வேறு இல்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் பர்மாக்காரர்களுக்கும் குழப்பம்தானே, அவர்களே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்வதைப் போல அங்கே ஊர், பத்திரிகை, பட்டம், வேலை என்று ஏதாவது ஒன்று முன்னால் வரும். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக 1961-லிருந்து 1971 வரை இருந்த ஊ தாண்ட் சொந்த நாட்டில் 'பந்தனோ ஊ தாண்ட்', பந்தனோ அவர் பிறந்த ஊர். மண்டலேயில் 'லூடு' என்ற பத்திரிகையை நடத்திய தம்பதி லூடு ஊ லா, லூடு டோ அமர். டகோன் இதழில் எழுதிய பெண் எழுத்தாளர் டகோன் கின் கின் லே, இவரும் ஒரு கின். 2024-ல் இறந்த டின் ஊ பெயருக்கு முன்னால் 'துரா' என்று வரும். அது வீரப்பதக்கம் வாங்கியதால் வந்த பட்டம், நம்ம சூரன்தான் அது. அன்று ராத்திரி 'துரா' என்ற அந்த ஒரு சொல்லை நான் கவனித்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

செயின் வின் என்ற பெயரில் இதைச் சோதித்துப் பாருங்கள், நல்ல பயிற்சி. ஒரு செயின் வின் ராணுவ பிரிகேடியர், 1974-லிருந்து 1977 வரை பிரதமர். இன்னொருவர் ரங்கூனிலிருந்து ஆங்கிலத்தில் வந்த 'கார்டியன்' நாளிதழின் ஆசிரியர், ஆகவே கார்டியன் செயின் வின், 2013-ல் இறந்தார். மூன்றாமவர் டாக்டர் செயின் வின், கணிதத்தில் முனைவர், 1990 தேர்தலில் ஜெயித்தும் ராணுவம் ஆட்சியைக் கொடுக்காததால் அமைந்த நாடுகடந்த அரசாங்கத்துக்குப் பிரதமர் ஆனவர். கவனியுங்கள், முதலாமவரும் பிரதமர், மூன்றாமவரும் பிரதமர், ஒருவர் ராணுவ ஆட்சிக்கு, ஒருவர் அந்த ராணுவத்தை எதிர்த்தவர்களுக்கு. 'பிரதமர் செயின் வின்' என்று மட்டும் எழுதினால் யாரைச் சொல்கிறோம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இங்கே ஒட்டோடு உறவும் உதவும்: டாக்டர் செயின் வின்னின் அப்பா பா வின், ஆங் சானின் அண்ணன், 1947 ஜூலை 19 அன்று தம்பியோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆக டாக்டர் செயின் வின்னும் சூச்சியும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். பெயரில் இந்த உறவுக்கு ஒரு தடயமும் இல்லை. அப்பா பெயரிலும் பிள்ளை பெயரிலும் 'வின்' இருக்கிறதே என்று கேட்டால், அந்த வின் நே வின்னிடமும் இருக்கிறது, அதிபராக இருந்த வின் மவுங், வின் மின்ட் பெயர்களிலும் இருக்கிறது, பத்தொன்பது வருஷம் சிறையில் இருந்த பத்திரிகையாளர் வின் டின்னிடமும் இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மரியாதைச் சொற்களைப் பெயரோடு சேர்த்துவிடுவது இன்னொரு வழக்கமான தப்பு. வயதான ஆணுக்கு ஊ, சம வயதுக்காரருக்குக் கோ, சின்னப் பையனுக்கு மவுங், பெண்களில் இளையவருக்கு மா, மூத்தவருக்கு டோ. ஊ தாண்ட்டின் பெயர் தாண்ட் மட்டும்தான், ஒற்றைச் சொல். ஆனால் இதே சொற்கள் பெயருக்குள்ளும் வரும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். 2017 ஜனவரி 29 அன்று ரங்கூன் விமான நிலைய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கறிஞரின் பெயர் ஊ கோ நீ. இதில் ஊ மரியாதை, கோ பெயரின் பகுதி. கோவையும் மரியாதைச் சொல் என்று நினைத்துத் தூக்கிவிட்டால் மிச்சம் நிற்பது வெறும் நீ, தமிழில் அது இன்னும் விபரீதம். 1988-ல் சில வாரங்கள் அதிபராக இருந்த டாக்டர் மவுங் மவுங் பெயரில் இரண்டு மவுங்கும் பெயரேதான். டின் ஊவுக்கே திரும்பினால், பெயரின் கடைசியில் இருக்கும் 'ஊ'வும் முன்னால் மரியாதைக்குப் போடும் 'ஊ'வும் பர்மிய எழுத்தில் ஒரே சொல், ஒரே எழுத்துக்கூட்டு. ஊ டின் ஊ என்று எழுதினால் அந்தச் சொல் இரண்டு பக்கமும் காவல் நிற்கும். ஆங்கிலத்தில் பின்னாலுள்ளதை வேறு மாதிரி எழுதுவதால் இது தெரியாமல் போகிறது.

'சோ' என்பது இன்னும் மோசம். கரேன் மக்களிடம் அது ஆண்களுக்கான மரியாதைச் சொல், 1950-ல் கொல்லப்பட்ட கரேன் தலைவர் சோ பா ஊ ஜீ பெயரில் வருவது அதுதான். ஆனால் ஆங் சானைக் கொல்ல ஆள் அனுப்பி 1948-ல் தூக்கிலிடப்பட்ட ஊ சோ கரேன் இல்லை, அவர் பெயரே சோ. 1988-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் சோ மவுங்கும் அப்படித்தான். ஷான் மக்களிடம் 'சாவ்' என்று ஒன்று உண்டு, பிரபு, அரசர் என்று பொருள். பர்மாவின் முதல் அதிபர் சாவ் ஷ்வே தைக் அந்த வகை. கம்போடியாவிலோ, 1975-லிருந்து 1979 வரை அந்த நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் கிழக்கு மண்டலச் செயலாளராக இருந்து 1978-ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்ட சாவ் பிம் என்பவரை சோ பிம் என்றும் எழுதுவார்கள். அங்கே அது மரியாதைச் சொல்லும் இல்லை, பட்டமும் இல்லை. ஆகவே 'சோ' என்று கண்ணில் பட்டால் நாட்டை மட்டும் பார்த்தால் போதாது, இனத்தையும் பாருங்கள்.

பிறந்த கிழமையும் ஒரு துப்பு கொடுக்கும், எப்போதுமே இல்லை, சில நேரம். நம் ஊரில் நட்சத்திரத்துக்கு எழுத்து பார்த்துப் பெயர் வைப்பதைப் போல அங்கே கிழமைக்கு எழுத்து. க வரிசை திங்கள், ச வரிசை செவ்வாய், ப வரிசை வியாழன், த வரிசை சனி, உயிரெழுத்து ஞாயிறு என்று போகும். புதன்கிழமையை மட்டும் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சூச்சி பிறந்த 1945 ஜூன் 19 செவ்வாய்க்கிழமை, 'சூ' பொருந்துகிறது. ஆங் சான் பிறந்த 1915 பிப்ரவரி 13 சனிக்கிழமை, ஆனால் ஆங் உயிரெழுத்து, பொருந்தவில்லை. ஏனென்றால் வீட்டில் முதலில் வைத்த பெயர் டெயின் லின். அண்ணன் ஆங் தான் பெயரோடு எதுகையாக இருக்கட்டும் என்று அவரே பின்னால் மாற்றிக்கொண்டார். அதனால் கிழமையும் பெயரும் இடித்தால் ஆள் மாறிவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள், பெயர் மாறியிருக்கலாம். நே வின்கூட பிறப்பில் ஷூ மவுங்.

கம்போடியா பக்கம் வேலை கொஞ்சம் சுலபம் என்று தோன்றும், குடும்பப் பெயர் இருக்கிறதே. ஆனால் அதே பெயர் இருந்தால் அதே குடும்பம் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயும் வழுக்கும். கியூ பொன்னாரி, கியூ திரித் இருவரும் அக்கா தங்கை. அக்காவை மணந்தவர் கெமர் ரூஜின் தலைவர் போல் போட், தங்கையை மணந்தவர் இயெங் சாரி. கெமர் ரூஜ் ஆட்சியின் அதிபர் கியூ சம்பான் அதே வட்டத்தில், அதே கட்சியில், அதே பாரிஸ் படிப்போடு இருந்தவர், ஆனால் அந்தச் சகோதரிகளுக்கு உறவில்லை. தங்கை கல்யாணத்துக்குப் பிறகு இயெங் திரித் என்றும் எழுதப்பட்டார், ஆகவே ஒரே பெண்மணி இரண்டு பெயரில் வருவார். பொதுவாகக் கெமர்ப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வார்கள்.

சோன் என்ற பெயரிலும் மூன்று பெரிய ஆட்கள். சோன் ஙோக் தான் 1945-லும் 1972-லும் பிரதமர். சோன் சான் 1967-68-ல் பிரதமர், பின்னால் கெமர் ரூஜையும் வியட்நாமியப் படையையும் சேர்த்து எதிர்த்த இயக்கத்தின் தலைவர். சோன் சென் போல் போட்டின் பாதுகாப்பு அமைச்சர், 1997 ஜூனில் அதே போல் போட்டின் உத்தரவில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். மூவரின் வேரும் இன்றைய வியட்நாமின் மேகோங் கழிமுகப் பகுதி, அங்குள்ள கெமர் மக்களிடையே சோன் பரவலான பெயர். ஆகவே சோன் என்பதை வம்சத்தைவிட வட்டாரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது பத்திரம்.

அரச குடும்பத்தில் மட்டும் பெயர் உண்மையாகவே வம்சத்தைச் சொல்லும். நொரொடோம் என்பது 1860-லிருந்து 1904 வரை ஆண்ட அரசரின் சொந்தப் பெயர் (நரோத்தமன் என்று சொல்லிப் பாருங்கள், நம்ம ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கும்), சீசோவாத் அவருக்குப் பிறகு வந்த தம்பி. இரண்டு பெயரும் இரண்டு கிளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டன. கம்போடிய அரசராக இருந்த சிஹானூக்குக்கு அப்பா வழி நொரொடோம், அம்மா வழி சீசோவாத். 1970-ல் லோன் நோலோடு சேர்ந்து அவரைக் கவிழ்த்த சிரிக் மதக் சீசோவாத் கிளை. நொரொடோம் என்று மட்டும் எழுதினால் சிஹானூக்கா, ரணரித்தா, இப்போதைய அரசர் சிஹமோனியா என்று தெரியாது, இங்கே பின்பாதிப் பெயர்தான் ஆளைக் காட்டும். ஹுன் குடும்பமும் இப்போது அப்படி ஆகிவிட்டது, 2023-ல் பிரதமர் பதவி அப்பா ஹுன் சென்னிடமிருந்து மகன் ஹுன் மானெட்டுக்குப் போனது. ஆனால் ஹுன் சென்னை யாரும் 'சென்' என்று மட்டும் சொல்லிக் கேட்டதில்லை, எப்போதும் முழுசாகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இணை ஒன்று உண்டு. ஹுன் சென் கம்போடியப் பிரதமராக இருந்த அதே காலத்தில் தெயின் செயின் பர்மாவின் பிரதமர், 2011-லிருந்து 2016 வரை அதிபர். ஆசியான் கூட்டங்களின் செய்திகளில் சென், செயின் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், தமிழில் அவசரமாக எழுதினால் இரண்டும் 'சென்' ஆகிவிடும். ஆனால் கெமர் சென்னுக்கு லட்சம் என்று பொருள். பர்மிய செயினுக்கு வைரம் என்று பொருள். பர்மிய மொழியில் லட்சத்துக்குச் சொல் தெயின், அது தெயின் செயின் பெயரின் முன்பாதி! ஆக லட்சம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, நாம் ஒன்று என்று நினைக்கும் துண்டில் இல்லை. தெயின் செயின் மொத்தத்தில் லட்ச வைரம்.

பொருள் தெரிந்து வைத்துக்கொள்வதில் இன்னொரு லாபம், கணினி மொழிபெயர்ப்பு உளறும்போது கண்டுபிடித்துவிடலாம். பர்மியச் செய்தியை அதில் போட்டால் சில சமயம் ஷ்வே என்ற பெயரைத் தங்கம் என்று மொழிபெயர்த்துவிடும். 'தங்கம் கூட்டத்துக்குத் தலைமை வகித்தது' என்று வந்தால், பர்மிய ராணுவ ஆட்சியின் தலைவராக இருந்த தான் ஷ்வே மாதிரி ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். தான் ஷ்வே என்று தமிழில் எழுதுவதே ஒரு தொல்லை, 'அது தான் ஷ்வே' என்று வாக்கியம் வேறு பக்கம் ஓடிவிடும், அதனால் அவர் பெயருக்கு முன்னால் எப்போதும் 'ஜெனரல்' போடுகிறேன். கம்போடியத் தங்கம் சொவான், நம்ம சுவர்ணம். 1981-ல் சில மாதங்கள் பிரதமராக இருந்து, பிறகு வியட்நாமில் பத்து வருஷம் சிறையிருந்த பென் சொவான் பெயரில் இருப்பது அதுதான்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். புதுப் பெயர் வந்தால் ஐந்து விஷயம் குறிப்பேன்: நாடும் இனமும், ஊரார் போடும் ஒட்டு, பிறந்த வருஷம், ஒரு உறவு, வகித்த பதவியும் வருஷமும். இதில் குறைந்தது மூன்று விஷயம் பொருந்தினால்தான் இரண்டு செய்தியில் வருபவர் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வேன். படத்தை மட்டும் நம்புவதில்லை, இணையத்தில் ஒரே பெயர்க்காரர்களின் படங்கள் தாராளமாக இடம் மாறிக் கிடக்கின்றன. டின் ஊ பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் 'துரா, பிறப்பு 1927, தளபதி, 1988 கட்சி' என்று எழுதியிருக்கிறேன், இரண்டாவதில் 'உளவு, 1983', மூன்றாவதில் 'ஹெலிகாப்டர், 2001'. நாலாவதாக ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன், எப்படியும் இன்னொருவர் வருவார்.